துலாக்கோல்காரர்கள் தேர்தலில் நின்ற கதை

சாலைக்குளத்தில் 'துலாக்கோல்' என்று ஒரு அரசியல் வலைப்பூ இருக்கிறது. எழுதுகிறவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். மூளை எத்தனை என்று நான் சொல்லவில்லை, படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மூத்தவர் தெய்வசிகாமணி அண்ணாச்சி. சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கடையின் பின்பக்கத்தில்தான் வலைப்பூ நடக்கிறது. அடுத்தவர் இசக்கியப்பன், கட்டுரை எழுதுவார். மூன்றாவது சுடலைமணி, படம் எடுப்பார். பாதிப் படத்தில் அவருடைய கட்டைவிரல் இருக்கும்.

வாசகர் என்ன சொன்னாலும் இவர்கள் அப்படியே செய்வார்கள். ஒருதரம் ஒருவர் கடுப்பில், "வேற வேலை இருந்தாப் போய்ப் பாருங்கடா" என்று பின்னூட்டம் போட்டுவிட்டார். மூவரும் கடையைப் பூட்டிவிட்டு டவுன் முழுக்க அலைந்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்து பதில் எழுதினார்கள்: "பார்த்தோம் ஐயா. இல்லை."

நகராட்சித் தேர்தல் வந்தது. பதினோராம் வார்டில் அரிசிமில் பொன்னுத்துரை நின்றார். அவரை எதிர்த்து ஒருத்தரும் நிற்கவில்லை. "இது ஜனநாயகமா?" என்று அண்ணாச்சி ஒரு பதிவு போட்டார். 'ஊர்க்கண்' என்கிற இன்னொரு வலைப்பூவை எழுதுகிற ஜெயசீலன் அதைப் படித்துவிட்டுக் கீழே எழுதினான்: "வாய் கிழியப் பேசுறவரு நீரே நின்னு பாரும்வே."

உடனே கூட்டம் போட்டார்கள்.

"அண்ணாச்சி, நிக்கச் சொல்லுதான்," என்றார் இசக்கியப்பன்.

"சொன்னா நிக்க வேண்டியதுதான. அவனும் வாசகன்லா."

"அப்ப நம்ம நடுநிலை என்னாகும்?"

அண்ணாச்சி வழி சொன்னார். "நிக்கிறது நான். நடுநிலையா இருக்கது நீங்க ரெண்டு பேரும்."

நல்ல ஏற்பாடு என்று டீ குடித்தார்கள்.

அண்ணாச்சிக்குச் சீப்புச் சின்னம் கொடுத்தார்கள். அவர் தலையில் சீப்புக்கு வேலை போய்ப் பல வருஷம் ஆகிறது. இசக்கியப்பன் எழுதினார்: "வேட்பாளருக்குத் தன் சின்னத்தால் சொந்த ஆதாயம் எதுவும் இல்லை, இது பாராட்டத்தக்கது. தன் சின்னத்தையே பயன்படுத்தாதவர் பதவியை எப்படிப் பயன்படுத்துவார், இது யோசிக்கத்தக்கது." எழுதிவிட்டு, ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து இரண்டையும் அளந்து பார்த்தார். பாராட்டு கொஞ்சம் நீளமாக இருந்தது. சரிக்கட்ட, "இரவில் குறட்டை விடுவார்" என்று சேர்த்தார்.

அண்ணாச்சியின் மனைவி உலகம்மாள் அக்கா அதைப் படித்துவிட்டுக் கத்தினார். "ஏம்வே, இத யாரு உங்ககிட்டச் சொன்னது?"

"அண்ணாச்சிதான் பேட்டி குடுத்தாரு."

இந்தச் சமயத்தில் ஜெயசீலன் கடைக்கே வந்தான்.

"அண்ணாச்சி, துலாக்கோல் கணிப்பு இதுவரைக்கும் பொய்த்ததே இல்லன்னு முகப்புல போட்டிருக்கீரே. நெசமா?"

"சத்தியமா நெசம்."

நிஜம்தான். எல்லாக் கணிப்பையும் முடிவு வந்தபிறகுதான் போடுவார்கள்.

"இந்தத் தடவ ஓட்டு எண்ணுறதுக்கு முன்னாலயே போடும். பலிக்கலன்னா வலைப்பூவ இழுத்து மூடிரணும். சம்மதமா?"

அண்ணாச்சி சைக்கிள் கடை போனால்கூடத் தாங்கிக்கொள்வார், துலாக்கோல் போனால் மனுஷன் ஒடிந்துபோவார். ஆனால் ஜெயசீலன் வாசகன். சம்மதித்துவிட்டார்.

பிரச்சாரத்துக்குக் கிளம்பினார்கள். முதல் வீடு முப்பிடாதி அக்கா வீடு. அண்ணாச்சி கும்பிட்டார். இசக்கியப்பன், "இவருக்கு ஏன் ஓட்டுப் போடணும்னா..." என்று ஆரம்பித்தார். சுடலைமணி, "ஏன் போடக் கூடாதுன்னா..." என்று கூடவே ஆரம்பித்தார்.

முப்பிடாதி அக்கா இரண்டு பேரையும் நிறுத்தினார். "வாசல்ல சாக்கடை அடைச்சு நாறிக் கெடக்கு. வந்துட்டாக ஓட்டுக் கேக்க! மொதல்ல இத அள்ளுங்க. அப்புறம் ஓட்டுக் கேளுங்க."

வேறு வேட்பாளராக இருந்தால், "ஜெயிச்சதும் செய்றேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கே அது தெரியும். இவர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முறை இருக்குல்லா," என்றார் அண்ணாச்சி. "மொதல்ல அள்ளணும். அப்புறந்தான் கேக்கணும்."

மண்வெட்டி வந்தது. வேட்டி மடிந்தது. அங்கே அள்ளியதும் தண்ணீர் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொன்னார். அதற்கடுத்த வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். தெரு முடிந்து அடுத்த தெரு வந்தது. பொன்னுத்துரை ஜீப்பில் மைக் வைத்துக்கொண்டு, "உங்கள் பொன்னான வாக்குகளை" என்று தினமும் அவர்களைத் தாண்டிப் போனார். இவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. சுடலைமணி மட்டும் அவ்வப்போது நிமிர்ந்து சாக்கடையைப் படம் எடுத்தார். அதிலும் கட்டைவிரல்.

வார்டு முழுக்க அள்ளி முடித்து முதுகை நிமிர்த்தும்போது தேர்தல் அதிகாரியின் வண்டி வந்தது. "பிரச்சாரம் முடிந்தது. இனி யாரும் வாக்குக் கேட்கக் கூடாது" என்று அறிவித்துக்கொண்டே போனது.

முப்பிடாதி அக்கா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார். "அசத்திட்டீக அண்ணாச்சி! இப்பக் கேளுங்க ஓட்ட."

"கேக்கக் கூடாதுக்கா. நேரம் முடிஞ்சிட்டு."

"அட, நானே கேக்கச் சொல்லுதேன்லா!"

"நீங்க சொல்லலாம்க்கா. நாங்க கேக்கக் கூடாது."

"அப்ப நான் யாருக்குத்தான் போட?"

"அதச் சொன்னாலும் கேட்ட மாதிரிதானக்கா," என்றார் அண்ணாச்சி. மோரைக் குடித்துவிட்டுச் சோகமாக நடந்தார்.

கடையில் கணிப்புக் கூட்டம் நடந்தது. மக்கள் மனதை அறிய சுடலைமணி வார்டுக்குள் போய் வந்திருந்தார்.

"என்னவே சொல்லுதாக?"

"ஓட்டு ரகசியம்லா அண்ணாச்சி. அதனால, 'யாருன்னு சொல்லாதீக, மனசுல நெனச்சா மட்டும் போதும்'னு சொன்னேன். எல்லாரும் நெனச்சாக."

"நல்லா நெனச்சாகளா?"

"நல்லாவே நெனச்சாக."

இசக்கியப்பன் தொண்டையைச் செருமினார். "எந்தத் தேர்தல்லயாவது கேக்காதவனுக்கு ஓட்டு விழுந்திருக்கா? நாம ஒரு வீட்லயாவது கேட்டமா? இல்ல. பொன்னுத்துரை எல்லா வீட்லயும் கேட்டாரு. முடிவு தெளிவா இருக்கு."

அண்ணாச்சி தன் சீப்புச் சின்னத்தை ஒருதரம் பார்த்தார். ஆனாலும் எழுத்தாளர் எழுத்தாளர்தான். "போடுவே," என்றார். 'பொன்னுத்துரை வெற்றி உறுதி' என்று பதிவு ஏறியது.

எண்ணுகிற நாள். தெய்வசிகாமணி வெற்றி. சும்மா இல்லை, பொன்னுத்துரைக்கு விழுந்ததைப்போல இரண்டு மடங்கு.

அண்ணாச்சி அலறிக்கொண்டு அதிகாரியிடம் ஓடினார். "சார்! மறுபடி எண்ணுங்க சார்!"

"நீங்கதான்யா ஜெயிச்சிருக்கீங்க."

"அதனாலதான் சார் கேக்கேன்!"

அதிகாரி மெஷினை மறுபடி அழுத்தினார். அதே எண்.

"கொஞ்சம் மெதுவா அழுத்திப் பாருங்க சார்."

மெதுவாக அழுத்தினாலும் அதே எண். சான்றிதழை உலகம்மாள் அக்கா வெடுக்கென்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "ஊரே உங்களுக்குப் போட்டிருக்கு. எதுக்கு அழுறீக?"

"என்னால ஆனதச் செஞ்சேன், உலகு. என் ஓட்டப் பொன்னுத்துரைக்குத்தான் போட்டேன். ஒரு ஓட்டு எம்புட்டுத் தாங்கும்?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஜெயசீலன் வாசலில் நின்று சிரித்தான். "சாயங்காலத்துக்குள்ள மூடிருங்க அண்ணாச்சி."

கடைசிக் கூட்டம். மூவரும் கம்ப்யூட்டரைச் சுற்றி இழவு வீட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார்கள்.

"நம்ம கணக்குல தப்பு இருக்கா?" என்றார் அண்ணாச்சி.

"இல்ல. கேக்கல, அதனால விழாது. கணக்கு சரி."

"அப்பத் தப்பு பண்ணது யாரு?"

மூவரும் மெல்லத் தலை நிமிர்ந்தார்கள்.

"வாக்காளருங்க!"

பொன்னுத்துரை வீட்டுக்கு ஓடினார்கள். அவர் வெற்றி ஊர்வலத்துக்குப் பூ சுற்றிய ஜீப், மாலை, மேளம் எல்லாம் முன்பணம் கொடுத்துச் சொல்லி வைத்துவிட்டு, அதைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே படுத்திருந்தார். "எங்க வலைப்பூப்படி நீங்கதான் ஜெயிச்சது," என்றார் இசக்கியப்பன். "நன்றி சொல்ல நீங்கதான வரணும்?" பொன்னுத்துரை எழுந்து உட்கார்ந்தார். மேளக்காரர்கள் எப்படியும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பதினோராம் வார்டு அப்படி ஒரு ஊர்வலத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. ஜீப்பில் முன்னால் நின்று, தோற்ற பொன்னுத்துரை கழுத்து நிறைய மாலையோடு, "எனக்கு மகத்தான வெற்றி தந்த தாய்மார்களே, நன்றி!" என்று கும்பிட்டார். பின்னால் நின்று, ஜெயித்த அண்ணாச்சி மைக்கைப் பிடுங்கி, "நான் கேட்டனா? உங்ககிட்ட ஓட்டுன்னு ஒரு வார்த்த கேட்டனா? ஏன் இப்படிப் பண்ணீக?" என்று தெருத்தெருவாகத் திட்டினார். மேளம் இரண்டு பேருக்கும் சேர்த்து அடித்தது.

முப்பிடாதி அக்கா ஜீப்பை மறித்தார். கண் கலங்கிவிட்டது. "தெரியாமப் போட்டுட்டோம் அண்ணாச்சி. தப்புதான், மன்னிச்சிருங்க."

"வாக்காளர் தப்ப ஒத்துக்கிட்டாக!" என்று இசக்கியப்பன் துள்ளினார். "கணிப்பு சரி! துலாக்கோல மூட வேண்டாம்!"

மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். பொன்னுத்துரை தன் மாலையில் ஒன்றைக் கழற்றி அண்ணாச்சிக்குப் போட்டு, "மனசத் தளர விடாதீங்க தம்பி, அடுத்த தேர்தல்ல உங்களுக்கும் ஒரு வாய்ப்பு வரும்," என்று தேற்றினார்.