எட்டாவது தட்டு

நாற்பது வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்தவள் போதும்பொண்ணு. வீட்டில் நான்காவது பெண். பெண் போதும், இனி வேண்டாம் என்று கடவுளுக்குச் சொல்ல அவர்கள் ஊரில் வைக்கிற பெயர் அது. ஞானஸ்நானப் பெயர் வேறு உண்டு. அதைச் சொல்லி ஒருவரும் அவளைக் கூப்பிட்டதில்லை. அடுத்ததாகத் தம்பி பிறந்தான். பெயர் பலித்துவிட்டது என்று ஊரே மெச்சியது. பெயரைத்தான் மெச்சினார்கள், அவளை அல்ல.

மடத்தில் துறவற உடுப்பு வாங்கும் நாளில் புதுப் பெயர் கொடுப்பார்கள். உடுப்பைவிட அந்தப் பெயருக்குத்தான் அவள் ஆலாய்ப் பறந்தாள்.

அவளுக்கு முன்பே ஏழு பெண்கள் சேர்ந்திருந்தார்கள். மடத்தலைவி மதர் இஞ்ஞாசி அவளைவிட வயதில் இளையவர். உடுப்பு நாளுக்கு முந்தின நாள் காலையில் அவர் அவளிடம் சொன்ன பெயர் ஒக்தாவியா.

பெயர் வாயில் நுழையவில்லை. ஆனாலும் இனித்தது. பூசைக்கு வந்த சாமியாரிடம் சும்மா இருக்க மாட்டாமல் அர்த்தம் கேட்டாள். அங்கேதான் வந்தது வினை.

மத்தியானம் மதரின் அறை வாசலில் போய் நின்றாள்.

“லத்தீன்ல எட்டாவதுன்னு அர்த்தமாம், மதர்.”

“ஆமா.”

“அந்தக் காலத்து ரோமாபுரியில பொம்பளப் பிள்ளைக்குத் தனியாப் பேரே கிடையாதாம். அப்பா வம்சத்துப் பேரையே எல்லாத்துக்கும் வச்சிட்டு, மூத்தவ, ரெண்டாமவ, மூணாமவன்னு எண்ணி விட்ருவாங்களாம்.”

“அதுவும் நிஜம்தான். பின்னால வேற தேசங்கள்ல எட்டாவதாப் பிறந்த பிள்ளைக்கு இந்தப் பேரை வச்சிருக்காங்க.”

மதர் சமாதானம் சொல்கிறாரா, கேலி செய்கிறாரா?

“பெத்தவங்க போதும்னு ஒரு பேரு வச்சாங்க. நீங்க கணக்குப் பாத்து ஒரு பேரு வைக்கிறீங்க. எனக்கு ஒண்ணுமே விளங்கல, மதர்.” “வேற பேரு குடுங்க. இல்லன்னா நாளைக்கு எனக்கு உடுப்பும் வேண்டாம். ஊருக்கே போயிடுறேன்.”

ஊரில் அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

மதர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“சாப்பாட்டு மணி அடிச்சு ரொம்ப நேரமாச்சு. அங்க என்ன நடக்குதுன்னு பாத்துட்டு வாங்க.”

கேட்டதற்குப் பதில் இதுவா என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

ஏழு பேரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். மதருக்குத் தனிப் பந்தி; மற்ற எட்டுப் பேரும் வந்த பிறகுதான் ஜெபம், ஜெபத்துக்குப் பிறகுதான் சோறு என்பது மடத்து வழக்கம். எட்டுத் தட்டிலும் பரிமாறியிருந்தது. சோறு ஆறிப்போயிருந்தது. பசி தாங்காத பிலோமி அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் இன்னும் சாப்பிடல?”

“நீங்க வரலையேக்கா,” என்றாள் பிலோமி.

வந்த வழியே திரும்பினாள்.

“ஏழு பேரும் சாப்பிடாம உட்கார்ந்திருக்காங்க, மதர்.”

“அந்த ஏழு பேர்ல யாராவது போதும்னு சொன்னாங்களா?”