செண்பகவல்லியின் ராஜினாமா

"இந்தக் கடிதத்தை நாளைக்குக் கொடுக்கப்போறேன் சாமி. அதுக்கு முன்னால நீங்க ஒரு தடவை கேக்கணும்."

மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே செண்பகவல்லி சொல்லிவிட்டாள். கும்பிடு பிறகுதான் வந்தது.

மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன மடம் அது. சாமி அவளைவிட எட்டு வயது இளையவர். ஊரில் இளஞ்சாமி என்பார்கள். முன்நெற்றி வழுக்கையான பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

"எத்தனை பக்கம்?"

"நாலு."

"வேலையை விடுறதுக்கு நாலு பக்கமா?"

"பதினெட்டு வருசம் சாமி. நாலு பக்கத்துல அடக்கினதே பெருசு."

அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவின் மூத்த நர்ஸ். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை மெஷினில் ஓடவிட்டு, சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் அனுப்புகிற இடம். நாலு மெஷின். முறை வைத்து இருபத்தோரு பேர் வந்து போகிறார்கள்.

"என்ன நடந்தது?" என்றார் சாமி.

"நேத்து மேனேஜர் நோயாளிங்க முன்னால வச்சு ஏசிட்டாரு. 'உன்னை மாதிரி பத்துப் பேர் வெளிய நிக்காங்க'ன்னாரு."

அவமானம் ஒரு ராத்திரியில் ஆறுகிற சமாச்சாரமா என்ன.

"அதான் இன்னைக்குப் போகலை. லீவும் சொல்லலை. போனை அணைச்சு வச்சிட்டேன். அந்தப் பத்துப் பேரை வச்சு ஓட்டிப் பாக்கட்டும். ஒரு வாரம் ஓடாது."

"ஓடாட்டா?"

"என் அருமை தெரியும்."

சாமி எழுந்தார். மூலையில் சுருட்டியிருந்த பாயை எடுத்து விரித்தார்.

"காலையில விறகு பொளந்தேன். இடுப்பு பிடிச்சிக்கிட்டு. படுத்துக்கிட்டே கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க படிங்க."

கையைத் தலைக்கு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். நல்ல கடிதம்தான். மூன்று நாள் யோசித்து எழுதியதுபோல இருந்தது, ஒரே ராத்திரியில் எழுதியது. தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு யாருக்குப் போனது, தீபாவளியன்று தான் எத்தனை வருடம் டியூட்டி பார்த்தாள், கொரோனா சமயத்தில் யார் யார் ஓடி ஒளிந்தார்கள், எல்லாம் தேதி வாரியாக இருந்தது.

"உம்" என்றார் சாமி.

அவள் படித்தாள்.

"உம்."

இரண்டாம் பக்கம் முடிந்தது. மேனேஜரின் படிப்பைப் பற்றி ஒரு பத்தி வந்தது. அது கொஞ்சம் காரமாகவே இருந்தது.

"உம்."

மூன்றாம் பக்கத்தின் நடுவில் 'உம்' வரவில்லை.

அவள் அடுத்த வரியைப் படிக்கவில்லை. காகிதம் தரையில் விழுந்தது. ஒரு கை சாமியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, இன்னொரு கை நெற்றியில் வியர்வையைத் தேடியது.

"சாமி! சாமி, என்னைப் பாருங்க!"

சாமி கண்ணைத் திறந்தார்.

"ஏம்மா பதறுதீங்க? நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"சத்தம் நின்னுட்டே சாமி."

"சத்தம் நின்னா?"

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. கையை எடுத்துக்கொண்டாள்.

"பழக்கதோசம். மூணாம் மெஷின்ல மாடசாமி வாத்தியார்னு ஒருத்தர். மெஷின் ஓடுற நாலு மணி நேரமும் பேசிக்கிட்டே இருப்பாரு. அரை மணிக்கு ஒருதரம்தான் பி.பி. பாப்போம். நடுவுல இறங்கிச்சுன்னா மத்தவங்க தலை சுத்துதுன்னு சொல்லுவாங்க. அவரு சொல்லமாட்டாரு. பேச்சு நின்னுரும். வேற ஒரு அறிகுறியும் தெரியாது. தூங்குத மாதிரியே இருக்கும்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

சாமி எழுந்து உட்கார்ந்தார். தரையில் கிடந்த நாலு காகிதங்களையும் பொறுக்கி, வரிசைப்படுத்தி, அவளிடம் நீட்டினார்.

"இதுல அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

செண்பகவல்லி காகிதங்களை வாங்கவில்லை.

"சாமி, இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

வியாழன் வாத்தியாரின் முறை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போனை எடுத்தாள். அது உயிர் பெறுகிறவரை நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை.

"ஆவுடை! நான்தான். மூணாம் மெஷின்ல வாத்தியார் பேசிக்கிட்டு இருக்காரா?"

எதிர்முனையில் ஆவுடைச்செல்வி, கூட வேலை பார்ப்பவள், குரலைத் தாழ்த்தினாள்.

"இல்லக்கா. இன்னைக்கு அதிசயமா தூங்குதாரு."

"தூங்கலை. பி.பி. பாரு. இப்பவே."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஆவுடையின் குரல் உடைந்து வந்தது.

"அக்கா, எழுபதுக்கு நாப்பது."

"பயப்படாத. மெஷின் உடம்புத் தண்ணி எடுக்கதை நிறுத்து. தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்கி வை. சலைன் விடு. டாக்டரைக் கூப்பிடச் சொல்லு. போனைக் கட் பண்ணாத, அப்படியே கீழ வச்சிட்டு வேலையைப் பாரு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் நின்றாள். அங்கே யாரோ ஓடுகிற சத்தம், தட்டு விழுகிற சத்தம். சாமியும் எழுந்து நின்றார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"அக்கா, பேசுதாரு. 'செண்பகம் எங்க'ன்னு கேக்காரு."

அவள் சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தாள். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். சாமி உள்ளே போனார். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

குடித்து முடித்தபின் கேட்டார்.

"அப்ப வேலையை விடலையா?"

"விடத்தான் போறேன் சாமி. அந்த ஆள்கிட்ட இனி வேலை பாக்க முடியாது."

"கடிதம்தான் தயாரா இருக்கே."

"இல்ல. இனிமேதான் எழுதணும். மேனேஜருக்கு ரெண்டு வரி போதும். ஒரு மாசம் கழிச்சு நின்னுக்கிடுதேன்னு."

"அவ்வளவுதானா?"

"ஆவுடைக்கும் எழுதணும் சாமி," என்று எழுந்தாள் செண்பகவல்லி. "இருபத்தோரு பேரு. ஆளுக்கு ஒரு பக்கம்."