மேசைக்கு அடியில் சுடலை

கருங்குளத்தூரில் டயர் கடைக்கு மேலே ஒரு ஸ்டூடியோ. அதை நடத்தியவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஆறு காது. ஆறும் பழுதில்லை. கேட்டது போய்ச் சேர வேண்டிய இடத்தில்தான் சிக்கல்.

மூவரில் பரஞ்சோதி பட்டதாரி. அவன் வீட்டில் அவனுக்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அதனால் எழுத்தில் எது வந்தாலும், பரோட்டாக் கடைப் பலகையே ஆனாலும், அதற்கு அப்படியே கட்டுப்படுவான். அருளப்பன் கீபோர்டு வாசிப்பான். சுடலைமுத்து வயர் பிடிப்பான். வேறு எதையும் பிடிக்க அவனை விடுவதில்லை.

அந்த வருடமும் கபடிப் போட்டிக்கு வரவேற்புப் பாட்டு இவர்கள் பொறுப்பு. கமிட்டித் தலைவர் செல்லத்துரை அண்ணாச்சி. ஸ்டூடியோ இருக்கும் மாடியும் அவருடையதுதான்.

"போன வருசப் பாட்டுல என் பேரு எங்கலே வருது? தும்மு தும்முன்னு கொட்டுச் சத்தம்தான் கேக்கு. எங்க எருமை கயித்தை அத்துக்கிட்டு ஓடிட்டு. இந்தத் தடவை என் பேரு தெளிவா விழலன்னா, மாடியைக் காலி பண்ணிட்டு நடையைக் கட்டுங்க."

பரஞ்சோதிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மதுரையில் ஒலிப்பதிவு செய்யும் நண்பனுக்குப் போன் போட்டான்.

"உங்க ரூம்ல பேஸ், அதான் அந்தத் தும்மு தும்மு, கம்மியாக் கேக்கும்டா. அதனால நீங்க கூட்டிக் கூட்டி வைக்கிறீங்க. வெளிய போனா அது இடியா விழுது. ஒரு சாஃப்ட்வேர் அனுப்புறேன். மைக் வச்சு ரூமை அளந்தா, எது குறையுதோ அதைத் திருத்திக் கேக்க வைக்கும்" என்றான் நண்பன். செய்முறையையும் வரி வரியாக எழுதி அனுப்பினான். பரஞ்சோதி அதை அச்சடித்து லேமினேஷன் போட்டு வந்தான்.

முதல் வரி: அளக்கும்போது அறையில் சத்தம் கூடாது.

ஃபேனை அணைத்தார்கள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார்கள். அளவு தொடங்கியதும் ஸ்பீக்கரிலிருந்து 'ஊஊய்ய்' என்று ஒரு ஓசை கிளம்பியது.

"யாருலே அது சத்தம் போடுதது?" என்று அதட்டினான் பரஞ்சோதி.

"ஸ்பீக்கருண்ணே."

"சத்தம் கூடாதுன்னு எழுதியிருக்குல்லா? அணை அதை!"

அணைத்தார்கள். சற்று நேரத்தில் திரையில் எழுத்து வந்தது: ஸ்பீக்கரிலிருந்து ஒலி வரவில்லை.

அருளப்பன் அசந்துபோனான். "பாத்தியாலே, எம்புட்டு கரெக்டா கண்டுபிடிச்சிட்டு!"

நண்பன் போனில் பல்லைக் கடித்து, ஸ்பீக்கருக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தான்.

இரண்டாவது வரி: கேட்பவர் தலை இருக்கும் இடத்தில் மைக்கை வைக்க வேண்டும். பரஞ்சோதி நாற்காலியில் உட்கார்ந்தான். அருளப்பன் மைக்கைக் கொண்டுவந்து அவன் நெற்றியில் முட்டினான்.

"அங்க என் தலை இருக்குலே."

"தலை இருக்க இடத்துலதான வைக்கச் சொல்லிருக்கு?"

"ஒரே இடத்துல ரெண்டு எப்படிலே இருக்கும்?"

அரை மணி நேரம் விவாதம் நடந்தது. முடிவில் மைக்கைத் துண்டால் பரஞ்சோதியின் தலையோடு சேர்த்துக் கட்டினார்கள். வயர் ஆடாமலிருக்க சுடலைமுத்து மேசைக்கு அடியில் படுத்துப் பிடித்துக்கொண்டான். அளவு முடிந்தது.

மூன்றாவது வரி: அளந்த பிறகு அறையில் எதையும் இடம் மாற்றக் கூடாது. சுடலைமுத்து எழுந்திருக்கப் பார்த்தான்.

"எங்கலே கிளம்புத? அளக்கும்போது நீ அங்கதான கிடந்த?" என்று மறித்தான் பரஞ்சோதி.

"பசிக்குண்ணே."

"சோறு உள்ளயே வரும். நீ வெளிய வந்தா அளவு தப்பிரும்."

மூன்று நாள் பாட்டு வேலை நடந்தது. மூன்று நாளும் சுடலைமுத்து மேசைக்கு அடியில்தான். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால், தன் எடைக்குச் சரியாக ஒரு அரிசி மூட்டையை அங்கே கிடத்திவிட்டுப் போய் வருவான்.

நான்காவது வரி: திருத்தத்தைக் கம்ப்யூட்டர் முழுவதற்கும் போடலாம், அல்லது பாட்டு சாஃப்ட்வேருக்குள் போடலாம், ஒரே ஒரு இடத்தில்தான் போட வேண்டும். அருளப்பன் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு இடத்தில் போட்டான். பரஞ்சோதி பாட்டு சாஃப்ட்வேரில் ஒரே ஒரு இடத்தில் போட்டான். பேஸ் இரட்டிப்பாகி, கீழே கடையில் டயர்கள் தாமாக உருண்டன. தப்பு தன்னுடையதுதான் என்று இருவரும் பெருந்தன்மையாக ஒரே நேரத்தில் திருத்தத்தை எடுத்தார்கள். ஒன்றுமே இல்லாமல் போனது. மறுபடி இருவரும் போட்டார்கள்.

"யாராவது ஒருத்தர் போடுங்களேன்" என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல். அந்த ஸ்டூடியோவில் அதுவரை பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள பேச்சு அதுதான். அருளப்பன் விட்டுக்கொடுத்தான்.

கடைசி வரி: பாட்டைக் கோப்பாக எடுக்கும்போது திருத்தத்தை அணைத்துவிட வேண்டும், அது உங்கள் அறையில் கேட்பதற்கு மட்டுமே.

பரஞ்சோதி அந்த வரியை இரண்டு தடவை படித்தான். "திருத்தத்தை எடுத்துட்டா, அண்ணாச்சிக்குத் திருத்தாத பாட்டைல்லா கொடுக்கோம்? இது ஏமாத்துல்லா?"

"ஆனா எழுதியிருக்கே."

எழுத்தா, மனசாட்சியா என்று பரஞ்சோதி தவித்தான். பிறகு இரண்டுக்கும் குறையில்லாமல், முதலில் திருத்தத்தோடு பாட்டை எடுத்தான். எடுத்த கையோடு திருத்தத்தை அணைத்தான்.

போட்டி நாள். மைதானத்தில் ஆள் உயர பாக்ஸ்கள். பாட்டு தொடங்கியது. தும்மு! பந்தல் கால் ஆடியது. 'செல்ல...' தும்மு! 'துரை...' தும்மு தும்மு! அண்ணாச்சி மேடையிலிருந்து எழுந்து, மாடிச் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினார்.

பரஞ்சோதி லேமினேஷனை எடுத்துப் படித்தான். எதையும் இடம் மாற்றக் கூடாது என்ற மூன்றாவது வரியில் விஷயம் பிடிபட்டது. மைக்கைப் பிடுங்கினான்.

"சுடலைமுத்து எங்கிருந்தாலும் உடனடியாக வந்து மேசைக்கு அடியில் படுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்!"

பஜ்ஜிக் கடையிலிருந்து ஓடி வந்த சுடலைமுத்து, மைக்செட் மேசைக்கு அடியில் புகுந்தான். கால் கொள்ளவில்லை. உதைத்து நீட்டினான். பேஸ் பாக்ஸ் வயர் பிடுங்கிக்கொண்டது. இடி நின்றது. 'செல்லத்துரை அண்ணாச்சி' என்று மைதானம் முழுக்கத் தேன் சொட்டியது. அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்தார். நீட்டிய கையாலேயே பரஞ்சோதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இப்போது அந்தப் பக்கம் கல்யாணத்துக்கு மைக்செட் பேசுகிறவர்கள், பாக்ஸ் எத்தனை என்று கேட்ட கையோடு, "அடியில படுக்க ஆளு யாரு?" என்றும் கேட்கிறார்கள். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்துவிட்டால், ஒன்றுக்குச் சுடலைமுத்து போகிறான். மற்றதற்கு மூட்டை போகிறது. புழுங்கலரிசியாக இருக்க வேண்டும், பச்சரிசி கூடாது என்று பரஞ்சோதி எழுதி, லேமினேஷன் போட்டுக் கொடுத்திருக்கிறான்.