சகலையின் ரிப்பன்

"அம்பது கிலோமீட்டர்ல என் பேரை எழுதுங்க, மாஸ்டரம்மா. அதுக்குக் குறைஞ்சு ஒரு அடிகூட வேண்டாம்."

சொன்னவர் சடையப்பன். வயது ஐம்பத்தேழு. அடிவாரத்தில் மாவு மில் வைத்திருப்பவர்.

கேட்டவர் வெள்ளையம்மா. அவரைவிட இருபது வயது இளையவர். அந்த மலையிலேயே பிறந்து, தேனும் விறகும் சுமந்து நடந்த கால்கள். ஓட வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர்தான் மாஸ்டர்.

வருகிற ஞாயிறு மலை ஓட்டம். பத்து, இருபத்தைந்து, ஐம்பது என்று மூன்று தூரம். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களை மாஸ்டர் முதலில் பாதையில் விட்டுப் பார்ப்பார். பிறகு ஃபாரத்தைத் தன் கையாலேயே நிரப்பித் தருவார். அதுதான் அங்கே வழக்கம்.

ஃபாரம் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

"அம்பது எதுக்கு அண்ணே?"

"என் சகலை தணிகாசலம் இருபத்தஞ்சுல பேர் கொடுத்திருக்காரு."

"சரி. அம்பது எதுக்கு?"

"அதான் சொன்னேனே!"

மாஸ்டர் ஃபாரத்தை எடுக்கவில்லை. சடையப்பனே தொடர்ந்தார்.

"பன்னெண்டு வருஷம் ஆச்சு. மச்சினன் பொண்ணுக்கு மலைக்கோயில்ல காதுகுத்து. படியேறிப் போனேன். கொஞ்சம் மூச்சு வாங்குச்சு, அவ்வளவுதான். இந்த ஆள் அத்தனை சனத்துக்கு முன்னால, 'சகலைக்கு ஒரு சேர் போடுங்கப்பா, விழுந்து வைக்கப்போறாரு'ன்னு கத்தினாரு."

"உட்கார்ந்தீங்களா?"

சடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உட்கார்ந்தேன்."

மாஸ்டர் எழுந்தார். பாதையைக் கை காட்டினார்.

"மரத்துல ரிப்பன் கட்டியிருக்கேன். பத்துக்கு மஞ்சள். இருபத்தஞ்சுக்கு நீலம். அம்பதுக்குச் சிவப்பு. நாவல் மரத்துக்கிட்ட மூணும் பிரியும். நீங்க சிவப்பைப் பிடிச்சுப் போய், முதல் குன்றைச் சுத்திட்டு வாங்க."

சடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

உச்சிவெயிலில் திரும்பி வந்தார். முழங்காலெல்லாம் சேறு. முகமெல்லாம் கோபம்.

"என்ன மாஸ்டரம்மா இது? சிவப்பே கட்டலையே!"

"பிறகு எப்படிப் போனீங்க?"

"நீலம் இருந்துச்சு, போனேன். எழுபத்துமூணு ரிப்பன். ஒரு இடத்துல ஓடை குறுக்கே வருது, கல்லெல்லாம் பாசி. நானே விழுந்தேன். அந்த ஆள் எழுந்திருக்கவே மாட்டாரு, பாருங்க!"

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் தெளிந்தது.

"தோள்ல துண்டு இருந்துச்சே அண்ணே. எங்க?"

சடையப்பன் தோளைத் தடவிப் பார்த்தார்.

"நாவல் மரத்துக்கிட்ட வேர்வை துடைச்சேன். கிளையில போட்டுட்டு வந்துட்டேன் போல."

இரண்டு பேரும் நாவல் மரத்துக்கு நடந்தார்கள். துண்டு அங்கேயே தொங்கியது. மாஸ்டர் அதை எடுத்தார்.

அடியில் சிவப்பு ரிப்பன்.

அதற்கு அப்பால் ஒரு சிவப்பு. அதற்கும் அப்பால் ஒன்று. மேடு முழுக்க மரத்துக்கு மரம் சிவப்பு.

சடையப்பன் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு மறைஞ்சு போச்சு. அதுக்காக என்னைக் கழிச்சுக் கட்டிடாதீங்க. ஓடுற தெம்பு இருக்கா இல்லையா? அதைச் சொல்லுங்க."

"தெம்புக்கு என்ன குறை?"

மாஸ்டர் பாறையில் ஃபாரத்தை வைத்து நிறுத்தி நிதானமாக எழுதினார். மடித்துக் கொடுத்தார்.

சடையப்பனுக்கு வாயெல்லாம் பல். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

தூரம்: இருபத்தைந்து.

பெயர்: தணிகாசலம்.

"மாஸ்டரம்மா! இது அந்த ஆள் பேரு!"

"நீங்க எண்ணினதெல்லாம் அவரோட நீலத்தை. காலையிலேர்ந்து இந்த மலையில ஓடினது அவர்தானே அண்ணே?"

சடையப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

மூச்சு வாங்கியது. யாரும் சொல்லாமலே பாறையில் உட்கார்ந்தார்.