சாமாங்குளத்துல பஸ் நின்ன கதை

சாமாங்குளத்த மேப்புல தேடாதீங்க. மேப்பு போட வந்த ஆபீசரு அந்த ஊர்க்காரங்ககிட்டயே வழி கேட்டாராம், இன்னும் வந்து சேரல.

அந்த ஊர்ல மாவு மில் வச்சிருந்தவரு சங்கரபாண்டி. அவருக்கு ஒரே மக இசக்கியம்மா, ஒன்பதாங்கிளாஸ். நல்ல சூட்டிகையான பிள்ள, யார மாதிரின்னுதான் ஊருக்கே புரியல. பள்ளிக்கூடம் ஊருக்கு வெளிய தள்ளி இருந்துச்சு. கடைத்தெருவுல கெளம்புற பஸ்ஸு பள்ளிக்கூட வாசல் வழியாத்தான் போகும், ஆனா அங்க நிக்காது. அதனால பிள்ளைங்க நடந்துதான் போகணும். மழை பேஞ்சா ஓடைத் தண்ணி ரோட்டு மேல ஏறிரும். அப்படி ஒரு நாளு இசக்கியம்மா இடுப்பு வரைக்கும் சேறோட வந்து நின்னா.

அவ அம்மா பேச்சி ஒரே போடா போட்டுட்டா. "வர்ற ஜூனுக்குள்ள அங்க பஸ் நிக்கலன்னா பிள்ள படிச்சது போதும். மில்லுல உக்காந்து மாவு அரைக்கட்டும்."

பேச்சி சொன்னா சொன்னதுதான். சங்கரபாண்டிக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல.

அந்த நேரம் பாத்து மாவட்டத்துல 'இளையோர் மன்றம்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பிள்ளைங்களே கூடிப் பேசி, ஓட்டுப் போட்டு, ஊருக்கு என்ன வேணும்னு ஒரு தீர்மானம் கொண்டு வரணும். அத ஜில்லா டவுன்ல கலெக்டரம்மா முன்னாடி எடுத்துப் பேசணும். அவங்களுக்கு நியாயம்னு பட்டா நடத்திக் குடுப்பாங்க. இசக்கியம்மா குழுவோட தீர்மானம் ஒரே வரி: 'எங்கள் பள்ளிக்கூட வாசலில் பஸ் நிற்க வேண்டும்.'

பிள்ளைங்களுக்குத் துணையா பெரியவங்க மூணு பேரு ஆலோசகரு. தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆன ஆவுடையப்பன் தலைவரு. அப்புறம் செண்பகவடிவு டீச்சர். மூணாவது நம்ம சங்கரபாண்டி, தானே கேட்டு வாங்கிச் சேந்துக்கிட்டாரு.

ஆலோசகருங்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்துச்சு. பயிற்சி குடுத்த பொண்ணு சொல்லுச்சு: "பிள்ளைங்களுக்குப் பதிலா நீங்க பேசாதீங்க. அவங்க தப்புப் பண்ணித்தான் கத்துக்குவாங்க, குறுக்க போகாதீங்க. வெளியூர் கூட்டிட்டுப் போனா ஒரு நிமிஷம்கூட அவங்க மேலருந்து கண்ண எடுக்காதீங்க."

மத்த ஊர்க்காரங்க சரி சரின்னு தலையாட்டிட்டு வடை திங்கப் போயிட்டாங்க. சாமாங்குளத்து மூணு பேரு மட்டும்தான் காது குடுத்துக் கேட்டாங்க. வெனையே அங்கதான்.

ஊருக்கு வந்ததும் ஒத்திகை. இசக்கியம்மா எந்திரிச்சுப் பேசினா பாருங்க, ஓடை, மழை, ஸ்கூல் மணி, எல்லாத்தையும் அப்படியே கண்ணு முன்னாடி கொண்டு வந்து நிறுத்திட்டா. பிள்ளைங்க கை தட்டுனாங்க. ஆலோசகருங்க மூணு பேரு மூஞ்சியும் தொங்கிப் போச்சு.

"என்னவே சங்கரபாண்டி, உம்ம மவ ஒரு தப்புகூட பண்ணல?" ஆவுடையப்பன் மெதுவா கேட்டாரு.

"ஆமா அண்ணாச்சி. நானும் கவனிச்சுட்டுத்தான் இருந்தேன்." சங்கரபாண்டிக்கு அவமானமா இருந்துச்சு.

"தப்புப் பண்ணாத பிள்ள என்னத்தக் கத்துக்கும்? நம்ம பொறுப்புல இருக்கும்போது ஒரு பிள்ள ஒண்ணுமே கத்துக்காமப் போச்சுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்லுதது?"

டீச்சர் யோசிச்சாங்க. "அண்ணாச்சி, பிள்ளையத் தப்புப் பண்ணச் சொன்னா அது குறுக்க போனதா ஆயிருமே?"

"அப்ப தப்ப நாமளே பண்ணிருவோம். பிள்ளைங்க பாத்துக் கத்துக்கிடட்டும்."

மூணு பேருக்கும் இது ரொம்ப நியாயமாப் பட்டுச்சு. அன்னையிலருந்து அவங்க செஞ்ச எல்லாத்தையும் கடமையாச் செஞ்சாங்க. அதுக்கு முந்தி சும்மா செஞ்சுட்டு இருந்தாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜில்லா டவுனுக்குப் போற நாளு வந்துச்சு. ஒரு வேன் ஏற்பாடு பண்ணிருந்தாங்க. பிள்ளைங்க ஏறி உக்காந்தாச்சு. ஆவுடையப்பன் டிரைவர்கிட்ட போனாரு.

"தம்பி, வேன்ல இருக்க பெரியவங்க யாரும் பிள்ளைங்க மேலருந்து கண்ண எடுக்கக் கூடாது. நீங்களும் பெரியவங்கதான?"

"ஐயா, நான் ரோட்டப் பாக்கணும்."

"ரோட்ட நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க பிள்ளைங்களப் பாருங்க."

டிரைவரு சாவிய உருவிக்கிட்டு கீழ எறங்கிட்டாரு. சங்கரபாண்டி பின்னாடியே ஓடுனாரு. இன்னைக்குப் போய்ச் சேரலன்னா பஸ் இல்ல. பஸ் இல்லன்னா பேச்சி பிள்ளைய மில்லுல உக்கார வச்சிருவா. அந்த பயத்துல அவருக்கு மூளை வேலை செய்ய ஆரம்பிச்சுது. அவரு குடும்பத்துலயே அப்படி நடந்தது அதான் முதல் தடவ.

"அண்ணாச்சி, டிரைவரு முன்னாடி பாத்துத்தான் ஓட்டுவாரு. அப்ப பிள்ளைங்கள முன்னாடி விட்டுட்டா?"

ஆவுடையப்பன் அவரக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. டிரைவரும் திரும்ப ஏறி உக்காந்தாரு.

அப்படித்தான் அன்னைக்குப் பிள்ளைங்க எல்லாரும் ரோட்டுல நடந்தாங்க. பின்னாடியே காலி வேனு ஊர்ந்து வந்துச்சு. அதுக்குள்ள மூணு ஆலோசகருங்க, ஃபேனப் போட்டுக்கிட்டு, கண்ணக் கொட்டாம பிள்ளைங்களையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

இசக்கியம்மா நடந்துக்கிட்டே திரும்பிக் கத்துனா. "எப்பா, இதுக்கு எதுக்கு வேனு?"

சங்கரபாண்டி ஜன்னல் வழியா தலைய நீட்டுனாரு. "ஏட்டி, உங்க பாதுகாப்புக்குத்தான்."

கூட்டம் முடிஞ்சு கலெக்டரம்மா கெளம்பப் போற நேரத்துக்கு வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேந்தாங்க. இசக்கியம்மா மூச்சு வாங்கிக்கிட்டே பேசுனா. நடந்து வந்த களைப்புல அந்தப் பேச்சு இன்னும் உறைச்சுது. கலெக்டரம்மாவுக்குப் புடிச்சுப் போச்சு.

"பிள்ளைங்க சொல்றது சரிதான். ஊர்ப் பெரியவங்களும் சொல்லுங்க. உங்களுக்கும் அங்க பஸ் நிக்கணுமா?"

மூணு பேரும் வாய இறுக்கி மூடிக்கிட்டு பிள்ளைங்களையே பாத்தாங்க.

"என்னங்க, உங்களுக்கு இதுல விருப்பம் இல்லையா?"

கலெக்டரம்மா தீர்மானத்த மடிச்சு ஓரமா வைக்கப் போனாங்க. சங்கரபாண்டிக்கு தொண்ட வரைக்கும் 'வேணும்' வந்து நிக்குது. பேசுனா பிள்ளைங்களுக்குப் பதிலாப் பேசுன குத்தம். பேசலன்னா மக மில்லுல. ரெண்டு கன்னமும் உப்பி, கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அப்பன இசக்கியம்மாவுக்குத் தெரியாதா? சட்டுனு திரும்பி பிள்ளைங்ககிட்ட சொன்னா: "ஏ பிள்ளைகளா, எங்கப்பா வாயத் தொறக்கலாம்னு நினைக்கிறவங்க கையத் தூக்குங்க."

எல்லாக் கையும் மேல போச்சு. கலெக்டரம்மாவும் கையத் தூக்கிட்டாங்க.

"வேணும்" அப்படின்னு சங்கரபாண்டி போட்ட சத்தத்துல வாசல்ல தூங்குன வாட்ச்மேன் எந்திரிச்சுட்டாரு. கையெழுத்து ஆயிருச்சு.

அடுத்த வாரமே பள்ளிக்கூட வாசல்ல போர்டு நட்டாங்க. முதல் பஸ் வர்ற அன்னைக்கு மாலையோட ஊரே கூடி நின்னுச்சு. பஸ்ஸும் வந்து நின்னுச்சு. பிள்ளைங்க எறங்குனாங்க. பேச்சி வந்து பாத்துட்டு, "சரி, பிள்ள படிக்கட்டும்"னுட்டா. சங்கரபாண்டி கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. கண்டக்டரு விசில் ஊதுனாரு.

ஆவுடையப்பன் பஸ்ஸுக்கு முன்னாடி போயி நின்னாரு.

"எங்க போறீரு?"

"அடுத்த ஊருக்கு."

"தீர்மானத்துல 'நிற்க வேண்டும்'னு இருக்கு. 'கெளம்ப வேண்டும்'னு எங்கயாவது இருக்கா?"

கண்டக்டரு விசில வாயிலருந்து எடுத்தாரு. "அப்ப நாங்க என்னதான்யா பண்ணுறது?"

"பிள்ளைங்க புதுத் தீர்மானம் கொண்டு வரணும். மன்றம் அடுத்த வருஷம் கூடும்."

இசக்கியம்மா குறுக்க வந்தா. "தாத்தா, நாங்க இப்பவே கையத் தூக்குறோம், பஸ்ஸ விடுங்க."

"தப்புமா. சின்னப் பிள்ளைங்க அவசரத்துல முடிவு எடுக்காமப் பாத்துக்கிடத்தான் நாங்க இருக்கோம்." டீச்சர் ஆமான்னு தலையாட்டுனாங்க. சங்கரபாண்டிக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. பஸ் நிக்கணும்னு அவரே வாயால கேட்டு வாங்குனதாச்சே, இப்பப் போகச் சொன்னா நல்லாவா இருக்கும்.

கொஞ்ச நேரத்துல அடுத்த பஸ் வந்துச்சு. முன்னாடி ஒண்ணு நிக்குதேன்னு அதுவும் பின்னாடி நின்னுச்சு. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. ஒரு வாரத்துல பஸ்ஸுங்க ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு, ஓடையத் தாண்டி, கடைத்தெரு வரைக்கும் வரிசையா வந்துருச்சு.

இப்பல்லாம் இசக்கியம்மா காலைல கடைத்தெருவுல கடைசி பஸ்ஸுல பின்வாசல் வழியா ஏறுறா. அப்படியே முன்னாடி நடந்து, முன்வாசல்ல எறங்கி, அடுத்த பஸ்ஸோட பின்வாசல்ல ஏறுறா. இப்படியே நடந்து நடந்து, முதல் பஸ்ஸோட முன்வாசல் வழியா பள்ளிக்கூட வாசல்ல எறங்குறா. ஒவ்வொரு பஸ்ஸுலயும் ஒரு கண்டக்டரு டிக்கெட் கேக்காரு.

மில்லுக்கு வர்றவங்ககிட்டல்லாம் சங்கரபாண்டி பெருமையாச் சொல்லுதாரு: "முன்னல்லாம் எம்மவ ரோட்டுல நடந்து போவா பாத்துக்கிடுங்க. இப்ப பூரா பஸ்லதான் நடக்கா."