திருடன் திருடாமல் இருப்பானா?

"திருடன் திருடாம பின்ன பஜனையா பாடுவான், அம்மணி?"

கேட்டவர் அர்த்தநாரி. வயது அறுபத்தொன்று. ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவள் மகிழினி. அவர் மகளைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் கதையை நடத்தும் ஆசான் அவள்தான். கதை விளையாட்டில் வயதுக்குத் தனி நாற்காலி கிடையாது.

ஞாயிறு மதியம் பேக்கரி மாடியில் ஐந்து பேர் கூடுவார்கள். நான்கு பேருக்கு ஆளுக்கொரு பாத்திரம். அந்தப் பாத்திரமாகவே பேசி, பகடை உருட்டி, சேர்ந்தே பிழைக்க வேண்டும். பேய், மழை, அரசன் எல்லாம் மகிழினி.

அர்த்தநாரிக்குக் கருவண்டன் என்ற திருடன்.

போன வாரம் பாழுங்கோட்டைக்குள் வைத்தியச்சி செம்பையைப் பாம்பு தீண்டியது. விஷமுறிவு மருந்தை அவள் பையில் தேடினார்கள். அதைக் கருவண்டன் ஏற்கெனவே சுருட்டியிருந்தான்.

"கொடுத்துடுங்க" என்று கெஞ்சினார்கள்.

"திருடினதைத் திருப்பிக் கொடுத்தா அவன் என்னடா திருடன்?" என்றார் அர்த்தநாரி. பாத்திரத்தை விட்டு இம்மியும் நகரவில்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு.

இரண்டு வருஷம் செம்பையாக வாழ்ந்த குயிலி மேஜையிலேயே அழுதாள். மல்லனாக விளையாடும் பஷீர் எழுந்துவிட்டான். "இனி இவரு வந்தா நாங்க வரமாட்டோம்."

அர்த்தநாரிக்கு வீட்டில் பேச ஆளில்லை. வாரத்தில் அந்த ஒரு மதியத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் சவரம் செய்துகொண்டிருந்தார். இந்த ஞாயிறு மாடியில் அவரும் மகிழினியும் மட்டும்தான்.

"நான் செஞ்சது தப்புங்களா, சொல்லுங்க."

மகிழினி மேஜையில் கோட்டைப் படத்தை விரித்தாள். மூன்று காலி நாற்காலிகளை அவரைச் சுற்றிப் போட்டாள். இருபது முகப் பகடையை நீட்டினாள்.

"திருடுங்க, சார்."

உருட்டினார். இருபது விழுந்தது. அதற்கு மேல் பகடையில் எண்ணே இல்லை.

"ஜெயிச்சுட்டீங்க. யாருகிட்ட திருடுனீங்க?"

நாற்காலிகளைப் பார்த்தார்.

"கருவண்டனையே கேளுங்க. அவன் பேசட்டும்."

வாயைத் திறந்தார். கருவண்டனின் கரகரத்த குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றார். வெறும் அர்த்தநாரிதான் இருமினார்.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இரண்டு வருஷமாகத் தன் தொண்டைக்குள் குடியிருக்கிறான் என்று நினைத்தவன், அந்த மூன்று பேரின் காதுகளில் அல்லவா குடியிருந்திருக்கிறான்!

மெல்லக் கேட்டார். "அப்ப அவன் நல்லவனா மாறிடணுங்களா?"

"மாறிட்டா அவனும் செத்துருவான், சார்."

"பின்ன?"

"கீழ நிக்கறாங்க. செம்பை சாவறதைப் பார்த்துட்டுப் போறதுக்குத்தான் வந்திருக்காங்க. கூப்பிடறேன்."

வந்தார்கள். குயிலி, பஷீர், ஜெசிந்தா. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மகிழினியின் குரல் தாழ்ந்தது. "செம்பைக்கு இன்னும் மூணு மூச்சு. அவ கெடக்கற கிணத்தடியில எருமை மேல எமன் வந்து நிக்கறான். கையில பாசக்கயிறு. கருவண்டா, நீ என்ன பண்ற?"

மருந்தை எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் கொடுப்பவன் கருவண்டன் இல்லை. கொடுக்காமல் இருந்தால் குயிலியின் செம்பை இல்லை.

அர்த்தநாரி கண்ணை மூடினார்.

"ஒரு மூச்சு போச்சு."

ஜெசிந்தா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"ரெண்டு."

கரகரத்த குரல் எழும்பியது.

"அரண்மனையில திருடியாச்சு. கோயில்லயும் திருடியாச்சு. எமன் கையிலருந்து எவனாச்சும் திருடியிருக்கானா? இந்த வைத்தியச்சிய நான் தூக்கப் போறேன். அதுக்குத்தான் மருந்து என் மடியில கெடக்குது."

 

குயிலி நிமிர்ந்து பார்த்தாள். மகிழினிக்கே கண் கலங்கியது. ஆனாலும் எமன் எமன்தானே, விட்டுக்கொடுக்கவில்லை.

"எமன் அவ தலைமாட்டுலயே நிக்கறான். கண்ணு இமைக்கலை. ஒத்தை ஆளா அவளை நெருங்க முடியாது, கருவண்டா."

பஷீர் நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டான். சட்டைக் கையை மடித்துவிட்டான். மல்லனின் கனத்த குரலில் சொன்னான்.

"எருமைய நான் பிடிச்சுக்கறேன்டா. நீ போ."