கடமான்கள் அறிவித்த தழைக்கட்டு

மூங்கிலாற்றுக் காட்டில் ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் சருகுமான்கள் வாழ்ந்துவந்தன. முயலைவிடக் கொஞ்சம் பெரிய, கொம்பே இல்லாத குட்டி மான்கள் அவை.

ஒரு கோடையில் தூரத்துக் காடு ஒன்று தீப்பற்றி எரிந்தது. அங்கிருந்து தப்பி ஓடிவந்த காட்டெருமைகள் குளக்கரையில் படுத்தன. பிறகு அந்த இடத்தை விட்டுப் போகவே இல்லை.

"எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. இனி இது எங்கள் கரை!" என்றன.

"அப்படியானால் நாங்கள் எங்கே போவது?" என்று சருகுமான்கள் கேட்டன.

பதில் கொம்பால் வந்தது. காட்டெருமைகள் அவற்றைப் பாறைக்காட்டுக்குள் விரட்டி, சுற்றிலும் முள்ளை இழுத்துப் போட்டு அடைத்தன. ஒரே ஒரு வழி விட்டு, அதில் ஒரு காட்டெருமையைக் காவலுக்கு நிறுத்தின.

பாறைக்காட்டில் தின்ன என்ன இருக்கும்? கள்ளியும் கருகிய புல்லும்தான். அந்த வருடம் மழையும் பொய்த்தது. குட்டிகள் நிற்கக்கூட முடியாமல் சுருண்டு படுத்தன.

செம்பி என்ற தாய் சருகுமானுக்கு ஒரே ஒரு பெண்குட்டி. பெயர் குன்றி. அதற்குக் கொடுக்கச் செம்பியிடம் பால் வற்றிவிட்டது.

"மலைமேல் நம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே! நான் போய்க் கேட்டு வருகிறேன்" என்றாள் செம்பி. குட்டியைப் பக்கத்து வீட்டுத் தாயிடம் விட்டுவிட்டு, முள்ளுக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தாள். முதுகுத் தோல் கிழிந்தது. அவள் நிற்கவில்லை.

மலைமேல் கடமான்களும் புள்ளிமான்களும் இருந்தன. அங்கே அருவி உண்டு, இடுப்பளவு புல் உண்டு, நெல்லி மரங்கள் காய்த்துக் கொட்டிக் கிடந்தன. செம்பி போய்ச் சேர்ந்த நேரம், அவளுடைய இனத்துக்கு உதவுவது பற்றிப் பேசத்தான் மாபெரும் சபை கூடியிருந்தது. செம்பிக்கு உயிர் வந்தது போலிருந்தது.

கடமான்களின் தலைவர் பெருங்கொம்பன் அவளைப் பார்த்ததும் கண் கலங்கினார்.

"வாம்மா செம்பி! நீங்கள் படும் பாட்டை நினைத்தால் எனக்குத் தொண்டையில் புல் இறங்குவதில்லை!"

"பெரியப்பா, குட்டிகள் சாகக் கிடக்கின்றன. இன்றைக்கே ஏதாவது கொடுத்தால்..."

"கொடுக்காமல் இருப்போமா! முதலில் சபை நடக்கட்டும்."

முதல் நாள் முழுவதும் உயரமான பாறையில் யார் உட்காருவது என்ற சண்டையிலேயே போனது. பெருங்கொம்பனும் புள்ளிமான்களின் தலைவர் பொன்புள்ளியாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இருவரும் நின்றுகொண்டே பேசுவது என்று முடிவாயிற்று.

இரண்டாம் நாள் பெருங்கொம்பன் முழங்கினார்: "சருகுமான்களுக்கு நூறு கட்டுத் தழை!"

"நான் நூற்றிருபது!" என்றார் பொன்புள்ளியார். "ஆனால் அவர் முதலில் கொடுக்கட்டும்!"

சபை குளம்பைத் தட்டி ஆரவாரம் செய்தது. செம்பியைப் பாறைமேல் ஏற்றி நிறுத்திக் காட்டினார்கள். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு கட்டுக்கூடக் கண்ணில் படவில்லை.

"பெரியப்பா, தழை எங்கே?"

"அறிவித்திருக்கிறோம் அல்லவா?"

"யாரிடம் கொடுப்பது என்பதில்தான் சிக்கல்" என்று பொன்புள்ளியார் இடையில் புகுந்தார். "உங்களுக்கு மேட்டுத் தலைவர் ஒருவர், பள்ளத்துத் தலைவர் ஒருவர். இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பள்ளத்தாரிடம் கொடுத்தால்தான் நான் தருவேன்."

"மேட்டாரிடம் கொடுத்தால்தான் நான் தருவேன்!" என்றார் பெருங்கொம்பன்.

செம்பிக்குக் கோபம் வந்தது. "எங்கள் தலைவர்கள் சண்டை போடுவது உண்மைதான், சித்தப்பா. அது எங்களுக்கு வெட்கம்தான். ஆனால் அந்தச் சண்டையில் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று தூண்டிவிடுவது யார்? என் குட்டி மேடா, பள்ளமா? அதற்கு வயிறு மட்டும்தான் இருக்கிறது!"

சபை அசௌகரியமாக இருமியது.

மூன்றாம் நாள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நரி வந்தது. காட்டெருமைக்கும் சருகுமானுக்கும் பொதுவானவன் என்று அது தன்னைச் சொல்லிக்கொள்ளும். ஆனால் தூங்குவது காட்டெருமைகளின் நிழலில். ஆற்றங்கரை உப்புமண்ணை நக்க வேண்டுமானால் கடமானுக்கும் புள்ளிமானுக்கும் அதன் தயவு வேண்டும். அதனால் நரியைக் கண்டதும் இரண்டு தலைவர்களும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடிப்போய் வரவேற்றார்கள். நரிக்கு உயரமான பாறையே கிடைத்தது.

"எல்லாம் எளிது!" என்றது நரி. "குளம் தங்களுடையது என்று சருகுமான்கள் சொல்வதை விட்டுவிடட்டும். இந்தப் பெண் இப்போதே சபையில் சொல்லட்டும். நாளைக்கே வழியைத் திறக்கச் சொல்கிறேன்."

பெருங்கொம்பன் செம்பியின் காதருகே குனிந்தார். "சொல்லிவிடேன் அம்மா. ஒரு வார்த்தைதானே! எங்களுக்கும் உப்புமண் பிரச்சினை இல்லாமல் போகும்."

செம்பி பாறைக்காட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குன்றியின் ஒட்டிய வயிறு கண்முன் வந்தது. சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு கணம் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் குளக்கரையில் பிறந்த அவளுக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"பெரியப்பா! பசிக்கு ஒரு வாய் தழை கேட்டு வந்தேன். நீங்கள் அதற்கு விலையாக என் பிறந்த இடத்தைக் கேட்கிறீர்கள். அதுவும் உங்களுக்காக இல்லை, இந்த நரிக்காக! காட்டெருமை எங்களைக் கொம்பால் குத்தியது. நீங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு குத்துகிறீர்கள்!"

அவள் இறங்கி நடந்தாள். வழியில் உதிர்ந்து கிடந்த நெல்லிக்காய்களில் வாய் கொண்ட மட்டும் கவ்விக்கொண்டாள்.

பாறைக்காட்டுக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுத் தாய் எதிரே வந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். செம்பியின் வாயிலிருந்து நெல்லிக்காய்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. குன்றி அன்று காலையிலேயே போய்விட்டிருந்தது.

மறுநாள் மலையிலிருந்து ஒரு காகம் பறந்து வந்தது.

"சபையின் தூதன் நான்! இருநூற்றிருபது கட்டு அறிவித்ததற்குச் சருகுமான்கள் நன்றி சொல்ல வேண்டுமாம். அடுத்த சபையில் வாசிப்பார்களாம்."

செம்பி அப்போது குளம்பால் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"இந்தக் குழியைப் பார்த்தாயா? நீ பார்த்ததை அப்படியே போய்ச் சொல். அதுதான் எங்கள் நன்றி!"

காகம் மலைக்குத் திரும்பிப் பறந்தது. சபையில் எதையும் மறைக்காமல் சொன்னது. ஒரு கணம் எல்லாரும் தலைகுனிந்தார்கள். பிறகு பெருங்கொம்பன் தொண்டையைச் செருமினார். "ஆழ்ந்த வருத்தம் என்று அறிவிப்போமா?"

"மிக ஆழ்ந்த வருத்தம் என்று போடுங்கள்!" என்றார் பொன்புள்ளியார்.

"போதும்!"

கத்தியது பெருங்கொம்பனின் மனைவி மருதி. அவள் அதுவரை சபையில் பேசியதே இல்லை. "குழந்தை செத்துக் கிடக்கிறது, நீங்கள் வார்த்தை தேடுகிறீர்களா! உங்கள் உப்புமண்ணை நீங்களே நக்கிக்கொள்ளுங்கள்!"

அவள் எழுந்தாள். அவளோடு பெண்கடமான்கள் எல்லாம் எழுந்தன. வாயில் கவ்வ முடிந்த அளவு தழையைக் கவ்விக்கொண்டு மலையிறங்கின.

காவல் காட்டெருமை மூக்கு விடைக்க வழியை மறித்தது. "அனுமதி உண்டா?"

மருதி நேராக முள்வேலியிடம் போனாள். முள்வேலி அவள் நெஞ்சளவுகூட இல்லை. தலையை ஒரு வீசு வீசினாள். தழை அந்தப் பக்கம் போய் விழுந்தது. பின்னால் நின்றவையும் வீசின. அத்தனை கடமான்களை ஒரே நேரத்தில் என்ன செய்வதென்று காட்டெருமைக்குத் தெரியவில்லை. வெறுமனே நின்று பார்த்தது.

மேட்டுக் குட்டிகளும் பள்ளத்துக் குட்டிகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடிவந்து தின்றன. செம்பி தழையை இழுத்து இழுத்து நலிந்த குட்டிகளின் வாயருகே வைத்தாள்.

மருதி முள்ளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "செம்பி, எங்களால் இவ்வளவு சுலபமாக முடியும் என்று எங்களுக்கே தெரியாமல் போயிற்றே அம்மா!"

"தெரிந்திருந்தது பெரியம்மா" என்றாள் செம்பி. "நேற்று முன்தினமும் இந்த முள் இவ்வளவு உயரம்தான் இருந்தது."

மருதியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பசித்தவருக்குக் கொடுக்க வேண்டியதைத் தன் காரியத்துக்காகப் பேரம் பேசித் தாமதிப்பவர், எவ்வளவு நெருங்கிய உறவானாலும், அந்தப் பசி செய்யும் கொலையில் பங்காளியே ஆவார்.